சேரக் கூடாத மீன்

என் வீட்டுக்காரர் பேசி நான்கு மாதம் பதினொரு நாள் ஆகிறது. பேசியே என் பிராணனை வாங்கிய மனிதர். லிஃப்ட் மெக்கானிக். பகல் முழுக்க ஆளரவம் இல்லாத லிஃப்ட் குழிக்குள் நின்றுவிட்டு வருவதால், வீட்டுக்கு வந்ததும் சேர்த்து வைத்த பேச்சையெல்லாம் என் தலையில்தான் கொட்டுவார். அதில் முக்கால்வாசி மீன் பேச்சு.

கூடத்தில் ஆறடி நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி. அதற்குள் பாறை அடுக்கு, பாறைச் சந்துகளில் முப்பது ஆப்பிரிக்க சிக்லிட் மீன்கள். நீலமும் மஞ்சளுமாகக் கண்ணைப் பறிக்கும். குணம் மட்டும் அடிதடிக் குணம். "என் சக்களத்தி" என்றுதான் அந்தத் தொட்டியை நான் சொல்வது. காய்ச்சலில் நான் படுத்துக் கிடந்த அன்றுகூட, வேலை முடிந்து வந்தவர் முதலில் எட்டிப் பார்த்தது தொட்டியைத்தான்.

எதை எதோடு சேர்க்கலாம் என்பதில் அவர் யாருக்கும் இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டார். ஒரே நிறம், ஒரே சாடையில் இரண்டு ஆண் ஆகாது. ஒரு ஆணுக்கு மூன்று நான்கு பெண்ணாவது வேண்டும். குறைவாக விட்டால் ஒன்றையே துரத்தித் துரத்திக் கொன்றுவிடும். நெருக்கமாக விட்டால் அடி எல்லோருக்கும் பங்காகிப் போகும். புது மீன் விடுகிற அன்று பாறைகளைக் கலைத்து வேறு மாதிரி அடுக்க வேண்டும், பழைய ரவுடிகளுக்குத் தங்கள் இடம் எது என்றே தெரியக் கூடாது. துடுப்பு நீண்ட சாது மீன்களை அந்தப் பக்கமே கொண்டுவரக் கூடாது. நான் பள்ளியில் கணக்கு டீச்சர். கேட்கப் பிடிக்காமலே கேட்டும் வாய்ப்பாடு மாதிரி மண்டையில் ஏறிவிட்டது.

ஒருமுறை ஆசையாக இரண்டு தங்கமீன் வாங்கிவந்து, அவரைக் கேட்காமல் உள்ளே விட்டேன். அன்றைக்கு அவர் போட்ட சத்தத்தில் மாடி வீட்டுக்காரர் பதறிக்கொண்டு இறங்கி வந்தார்.

இப்போது அந்தச் சத்தத்துக்காகத்தான் ஏங்குகிறேன். மூளையில் ரத்தக்குழாய் அடைத்து, வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் போயிற்று. கால் கொஞ்சம் தேறியது. நாம் சொல்வது புரிகிறது. ஆனால் வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. நாள் முழுவதும் தொட்டிக்கு எதிரே சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் வாரத்துக்கு இரண்டு முறை வருவாள். பூ, சாவி, குடை என்று படம் காட்டுவாள். இவர் உதட்டைக் கூட்டி, வியர்த்து, கடைசியில் தலையைக் குனிந்துகொள்வார். போன வாரம் அவளை வாசலில் மறித்தேன்.

"உண்மையச் சொல்லும்மா. வருமா, வராதா?"

"முதல் ஆறு மாசத்துல வர்றதுதான் மேடம் வேகமா வரும். அப்புறம் வராதுன்னு இல்ல, ரொம்ப மெதுவா வரும்." என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டாளோ என்னவோ, "சில பேருக்குக் கேட்டா வராத வார்த்தை, கோவத்துலயோ பயத்துலயோ தானா வந்து விழும். ஆனா அத நாமளா வரவழைக்க முடியாது" என்றாள்.

ஏன் முடியாது? இந்த மனிதருக்குக் கோபம் வரவழைப்பதில் இருபத்திரண்டு வருட அனுபவம் எனக்கு. ஆறு மாதத்தில் ஐம்பது நாள்கூட மீதி இல்லை. அவருக்குப் பிடித்த கோப்பையை அவர் கண்ணெதிரே போட்டு உடைத்தேன். அவருடைய தங்கையைக் கண்டபடி திட்டினேன். பாவமாகப் பார்த்தாரே தவிர வாய் அசையவில்லை. அப்புறம்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வந்தவுடன் சந்தோஷப்பட்டேன்.

தொட்டிக்கே ராஜா, கருப்புப் பட்டை போட்ட நீல ஆண். அதே நிறத்தில், அதே அளவில் இன்னொரு ஆணை வாங்கிவந்தேன். பாறையைக் கலைக்கவில்லை. அவர் பார்க்கும்படி காட்டிவிட்டு உள்ளே விட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வாயோடு வாய் கவ்வி, செதில் பறக்க, புதியது ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் ஒடுங்கியது. இவருடைய இடது கை நாற்காலிப் பிடியை இறுக்கியது. கழுத்து நரம்பு புடைத்தது.

"திட்டுங்க. இவளுக்கு அறிவு இருக்கான்னு கேளுங்க. கேளுங்களேன்!"

வாய் திறந்தது. காற்றுதான். மறுநாள் சாயங்காலம் அந்த மீன் செத்து மிதந்தது. அதை எடுத்துப் போடுகிறபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அதோடு விட்டிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை மீண்டும் மீன்கடையில் போய் நின்றேன். கடைக்காரருக்கு இவர் பல வருடப் பழக்கம்.

"அந்த ஏஞ்சல் மீன் ஒண்ணு கொடுங்க. நீளத் துடுப்பு உள்ளது."

"சின்னத் தொட்டி ஏதாவது வச்சிருக்கீங்களாக்கா?"

"இல்ல. அந்தத் தொட்டிக்குத்தான்."

அவர் வலையைக் கீழே வைத்தார். "கிழிச்சுப் போட்டுடும்க்கா. தண்ணியே ஒத்துக்காது. அண்ணனுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவாரு."

"கொல்லட்டும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கொல்லட்டும்."

வலையை மறுபடி எடுத்து, ஒன்றைப் பிடித்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. அவர் வாங்கியிருந்தால் எனக்கு மனசு கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வெள்ளி நிறத்தில், ஒரு உள்ளங்கை அகலம் இருந்தது அது. தொட்டிக்குள் விட்டதும் அசையாமல் நின்று, இடம் எப்படி என்று பார்த்தது. நீல ராஜா முதலில் வந்தான். பிறகு மஞ்சள் வந்தது. பிறகு எல்லாம் வந்தன. கீழ்த்துடுப்பு நூல் நூலாகப் பிய்ந்தது. ஓடத் தெரியாமல் ஓடி, அது பாறைச் சந்து ஒன்றில் போய்ச் செருகிக்கொண்டது. மூச்சு வாங்குவது வெளியே நின்ற எனக்கே தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. வாய் மூடியே இருந்தது.

என்ன பெண் நான் என்று இருந்தது. வாயில்லாத மீனைக் கொல்லக் கொடுத்து, வாயில்லாமல் போன மனிதரைப் பார்க்கவும் வைத்திருக்கிறேன். எனக்கு யார் மேல் கோபம் என்றே தெரியவில்லை. மீன் வலையை உள்ளே விட்டேன். சந்துக்குள் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, தோள்பட்டை வரை கையை விட்டேன். ஏஞ்சல் மீனின் வழுக்கும் உடம்பு விரலில் பட்டது. இழுத்தேன். மேல் பாறை நகர்ந்து, சரிந்து, என் மணிக்கட்டின் மேல் உட்கார்ந்தது.

வலியில் கத்திவிட்டேன். பாறை விளிம்பு சதையைக் கிழித்திருக்க வேண்டும், தண்ணீரில் சிவப்பு கலங்கி எழுந்தது. மீன்கள் சிதறி ஓடின. பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது.

"க்... கை."

தலையை மட்டும் திருப்பினேன். அவர் இடது கையை ஊன்றி, அரையாக எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"என்ன சொன்னீங்க?"

"கை."

"மீனா? மீனு இருக்குங்க, உயிரோடதான் இருக்கு. எடுத்துடறேன், வேற தண்ணியில விட்டுடறேன்."

இல்லை என்று தலையை வேகமாக ஆட்டினார். உதடு கோணியது, எச்சில் வழிந்தது.

"கை... எடு. கை எடு!"

மாடி வீட்டுக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. இருபத்திரண்டு வருடத்தில் அந்தத் தொட்டிக்கு முன்னால் நின்று அவர் என்னைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அது.

பாறை அவ்வளவு கனமில்லை. ஒரு உந்து உந்தினால் கை வந்துவிடும் என்று எனக்கே தெரிந்தது. மணிக்கட்டு தீயாக எரிந்தது. ஆனால் கையை எடுத்துவிட்டால் அவர் பயம் போய்விடும், பயம் போனால் பேச்சும் போய்விடும்.

"மாட்டேன்," என்றேன் அழுதுகொண்டே. "இன்னொண்ணு சொல்லுங்க, எடுக்கறேன்."