கயிற்றால் அளந்த வீடு

சாமான் ஏற்றி இறக்குவதுதான் என் பிழைப்பாக இருந்தது. யார் வீடு மாறினாலும் லாரியின் பின்பக்கம் நான் நிற்பேன். அதனால் சொல்கிறேன், வீடு மாறுகிற சமயத்தில் எவன் பேச்சையும் நம்பக் கூடாது. பீரோ கண்ணாடி உடைந்தால் டிரைவர் ரோட்டைச் சொல்வான், கட்டினவன் டிரைவரைச் சொல்வான், வீட்டுக்காரம்மா எப்போதோ விழுந்த விரிசலையும் சேர்த்து எங்கள் தலையில் கட்டுவாள்.

கடைசியில் என் வீடே மாற வேண்டியதாகிவிட்டது. கட்டடத்தை இடிக்கப் போகிறார்களாம். மாடியில் இருந்தவர்கள் எல்லாரும் காலி பண்ணிவிட்டார்கள். கீழே நாங்களும் பக்கத்து வீட்டுத் தகரமும்தான் மிச்சம். தகரம் என்றால் தகர வேலை செய்கிறவன். சொந்தப் பேர் அவனுக்கே மறந்திருக்கும்.

சாமானைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. என் வீட்டுக்காரியைப் பற்றித்தான். சர்க்கரை வியாதி அவள் கண்ணைத் தின்று நாலைந்து வருஷம் ஆகிறது. ஆனால் இந்த வீட்டுக்குள் அவளுக்குக் கண் தேவைப்படவில்லை. கட்டிலை விட்டு எழுந்தால் பீரோ முனையில் விரலை வைப்பாள், அப்புறம் நிலைக்கட்டை, அப்புறம் அடுப்பு மேடை. டீ போடுவாள். துணி அலசிக் காயப்போடுவாள். நான் டம்ளரை இடம் மாற்றி வைத்துவிட்டால் தெருவுக்கே கேட்கிற மாதிரி திட்டுவாள். கரண்ட் போனால் என்னைவிட வேகமாக நடப்பாள்.

ஆஸ்பத்திரியில் இனி ஒன்றும் செய்ய முடியாது என்று சொன்ன அன்றைக்கு அவள் அழவில்லை. வீட்டு வாசலுக்கு வந்ததும் என் கையை உதறிவிட்டாள்.

"தெருவுல பிடிங்க. வீட்டுக்குள்ளயும் பிடிச்சீங்கன்னா அப்புறம் நானும் ஒரு சாமான்தான்."

அதற்குப் பிறகு நான் பிடிக்கவில்லை. புது வீட்டிலும் பிடிக்காமல் இருக்க வேண்டும். எனக்கு இருந்தது அந்த ஒரு வேலைதான்.

மகன் ஒரு புரோக்கரைப் பிடித்து வீடு பார்த்தான்.

"தரைத்தளம்பா. அம்மாவுக்கு வசதி."

"என்ன வசதி? அடுப்பு எந்தப் பக்கம்?"

"அடுப்பு அடுப்படியிலதான்பா இருக்கும்."

"உன்னைப் போய்க் கேட்டேன் பாரு."

"போனா பழகிடுவாங்க. அதுவரைக்கும் உங்க மருமக வந்து பாத்துக்குவா."

மருமகள் பார்த்துக்கொள்வது எப்படி என்று எனக்குத் தெரியும். ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, கையில் தட்டைக் கொடுத்து, வாயையும் துடைத்துவிடுவாள். தங்கமான பெண்தான். இந்த மாதிரித் தங்கங்கள்தான் நடக்கிற ஆளை முடமாக்குவது.

போகும்போது மகன் சொன்னான்: "சாவி கைக்கு வரட்டும். அதுவரைக்கும் எதையும் அசைக்காதீங்க."

சாவியும் லாரியும் ஒரே நாளில் வரும். எனக்குத் தெரியாததா? இறக்கிப் போட்ட சாமான்களுக்கு நடுவில் அவளை எங்கே நிறுத்துவது? அவன் பேச்சை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டேன்.

மறுநாள் கொடிக்கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். கட்டில் போடும் இடத்திலிருந்து பீரோவுக்கு, பீரோவிலிருந்து அடுப்புக்கு, அங்கிருந்து பாத்ரூம் கதவுக்கு. ஒவ்வொரு இடத்துக்கும் கயிற்றில் ஒரு கந்தல் முடிந்தேன்.

புரோக்கர் கதவைத் திறந்துவிட்டு, வாசலில் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்தான். "என்ன பெரியவரே, வீட்டைக் கட்டி இழுத்துட்டுப் போகப் போறீங்களா?"

"உன் வாயை நம்புறதுக்கு இந்தக் கயிறை நம்பலாம்."

"நம்புங்க, நம்புங்க. கயிறு கமிஷன் கேக்காது."

வீடு திரும்பி, கயிற்றைத் தரையில் போட்டு அந்த அளவுக்கே வேலையை ஆரம்பித்தேன். கட்டிலை எதிர்ச் சுவருக்குத் தள்ளினேன். துணி மூட்டைகளையும் அட்டைப் பெட்டிகளையும் அடுக்கி, அங்கே சுவர் இருக்கிற இடத்தில் இங்கே சுவர் வைத்தேன். அடுப்பையும் சிலிண்டரையும் கூடத்துக்கே கொண்டுவந்தேன். பீரோவைத் தள்ளத் தகரத்தைக் கூப்பிட்டேன். அவன் மூச்சு வாங்கிக்கொண்டு நின்று பார்த்தான்.

"அண்ணே, வீடு மாறுறவங்க சாமானை வெளிய கொண்டு போவாங்க. நீங்க வெளிய இருக்கிற வீட்டையே உள்ள கொண்டு வர்றீங்க."

"வாயை மூடித் தள்ளுடா."

எல்லாம் முடிந்ததும் அவளைக் கட்டிலில் உட்கார வைத்தேன். "இன்னையிலேர்ந்து நீ புது வீட்டுல இருக்கே."

"லாரி வந்துச்சா? சத்தமே கேக்கலையே" என்று சிரித்தாள்.

பாத்ரூமை மட்டும் நகர்த்த முடியவில்லை. அந்த வீட்டில் அதன் கதவு இருக்கிற இடத்தில் இங்கே ஒரு நாற்காலியைப் போட்டேன்.

"இதுதான் பாத்ரூம் கதவு."

"சரி. நிஜமாவே வந்தா?"

"அதுக்கு மட்டும் என்கூட வா. கொஞ்ச நாளைக்குத்தானே."

நாற்காலியின் முதுகைத் தடவிப் பார்த்தாள். அப்புறம் கையை நீட்டினாள். கொஞ்ச நாளைக்குத்தான் என்று நானும் பிடித்தேன்.

முதலில் நன்றாக இடித்துக்கொண்டாள். முழங்காலெல்லாம் கன்றிப்போனது. பெட்டிச் சுவர் சரிந்து அவள் மேலே விழுந்தபோது, "உங்க புது வீடு இப்பவே ஒழுகுது" என்றாள். விடவில்லை. நானும் விடவில்லை. இரண்டு வாரம் போயிருக்கும். ஒரு காலை நான் கண் விழித்தபோது அடுப்பு எரிகிற சத்தம் கேட்டது. கூடத்து நடுவில் நின்று டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். எதையும் தொடாமல் நேராகக் கட்டிலுக்கு நடந்து வந்து டம்ளரை நீட்டினாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

"லாரிக்காரனை வரச் சொல்லுங்க. நான் ரெடி."

அன்று சாயங்காலம் மகன் வந்தான். வாசலிலேயே நின்றுவிட்டான்.

"என்னப்பா இது, பூகம்பம் வந்த மாதிரி?"

நான் விளக்கிச் சொன்னேன். அவன் முகம் மாறிவிட்டது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அந்த வீடு இல்லப்பா. ஓனர் அவர் தம்பிக்கே குடுத்துட்டாராம். இன்னைக்கு மத்தியானந்தான் புரோக்கர் சொன்னான்."

அவள் அடுப்புப் பக்கம் நின்றிருந்தாள். "எந்த வீடுடா?"

"புது வீடும்மா."

"அப்ப நான் இப்ப நிக்கிறது எந்த வீடு?"



வேறு ஒன்று இருக்கிறது, மூன்றாவது மாடி, ஒரே அறை, சமையல் மேடையும் அதற்குள்ளேயே என்று மகன் சொன்னான். பாத்ரூம் வராந்தாக் கோடியில், இரண்டு குடித்தனத்துக்குப் பொது. இந்த நேரத்தில் இதுதான் கிடைத்ததாம். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"எதையும் அசைக்காதீங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னே."

ஓர் அடி விடாமல் சுவர் சுவராக அளந்தேன். வீடு நமக்கு நிச்சயமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவன் போனதும் எல்லாவற்றையும் பழையபடி வைத்தேன். கட்டில் கால் பட்ட தடம் தரையில் அப்படியே இருந்தது. அந்தத் தடத்திலேயே வைத்தேன். பீரோவையும் அடுப்பையும் அவற்றின் இடத்துக்குக் கொண்டுபோனேன். இருக்கிற மட்டும் இங்கேயாவது அவள் பழைய மாதிரி இருக்கட்டும்.

அவள் எழுந்தாள். கை பீரோ முனையில் பட்டதும் அந்நிய ஆளைத் தொட்டுவிட்டவள் மாதிரி பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். இல்லாத பெட்டிச் சுவரைச் சுற்றிக்கொண்டு போய் நிலைக்கட்டையில் நெற்றியை இடித்தாள். மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாள் சுடுதண்ணீரை மேடையில் வைப்பதாக நினைத்து வெறும் காற்றில் வைத்தாள். காலெல்லாம் வெந்துபோனது.

மருந்து போடும்போது சொன்னாள்: "கை பழைய வீட்டைச் சொல்லுது. கால் அந்த வீட்டுக்குப் போகுது. நான் நடுவுல நிக்கிறேன்."

"காயம் ஆறட்டும், பழையபடி வந்துடும்."

நான் சொன்னதை நானே நம்பவில்லை, அவள் எங்கே நம்பப் போகிறாள்?

"மூணாவது மாடிக்குப் போய் அளந்துட்டு வரட்டுமா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"எதுக்கு? கட்டில் மட்டும் இருந்தாப் போதும்."

கால் ஆறியது. ஆனால் அதற்குப் பிறகு அவளாக எழுந்திருக்கவே இல்லை. டம்ளரை எங்கே வைத்தாலும் திட்டுவதில்லை. நான் டீ போட்டுக் கொடுத்தால் குடிப்பாள். நல்லா இருக்கா என்று கேட்டால் இருக்கு என்பாள். அது நன்றாக இருக்காது, எனக்கே தெரியும்.

லாரி வந்த அன்று சாமான் சீக்கிரம் ஏறிவிட்டது. கட்டின கை எது தெரியுமில்லையா, எதுவும் உடையவில்லை. கடைசியில் கட்டில்தான் மிச்சம். மகன் லாரியில் நின்று அடுக்கிக்கொண்டிருந்தான். கட்டிலைக் கழற்றத் தகரம் ஸ்பேனரோடு வந்து நின்றான்.

"அண்ணி, கொஞ்சம் எந்திரிக்கணும்."

நான் கூடத்து மூலையில் மெத்தையைச் சுருட்டி, முழங்காலால் அழுத்திக்கொண்டிருந்தேன். விட்டால் பிரிந்துவிடும். அவள் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தகரம் என்னைப் பார்த்தான். அப்புறம் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்தான். அவள் எழுந்து அவன் பின்னாலேயே வெளியே நடந்தாள். பிடித்தது யார் என்றுகூடக் கேட்கவில்லை.