தெய்வானையின் இரண்டு றாத்தல்

என் மகள் தெய்வானை ஏழாம் மாதத்தில் ஒரு றாத்தல் இளைத்துவிட்டாள். இதை நான் சொல்லவில்லை. நாங்கள் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராவில் மாதம் ஒரு தடவை நடக்கிற கிளினிக்கில் கொடுத்த அட்டை சொன்னது. ஐப்பசியில் பதினாலு றாத்தல், கார்த்திகையில் பதின்மூன்று. அந்த அட்டையில் மேலே ஏறிப் போகிற ஒரு கோடு இருக்கும். பிள்ளையின் புள்ளி அந்தக் கோட்டுக்கு மேலே நிற்க வேண்டும். தெய்வானையின் புள்ளி கீழே விழுந்து கிடந்தது.

கண்ணால் பார்த்தால் அப்படி ஒன்றும் தெரியவில்லை. தொடையில் மடிப்பு, கையில் மடிப்பு. இடுப்பில் வைத்துக்கொண்டு மேட்டு லயத்து வீட்டுக்கு ஏறினால் எனக்கு மூச்சு வாங்கும். ஆனால் அட்டை அரசாங்கத்து அட்டை. என் இடுப்பு சொல்வதை யார் கேட்கப்போகிறார்கள்?

அந்த மாதம் இளைத்தது என் பிள்ளை மட்டுமில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பதினெட்டுப் பிள்ளைகளும் இளைத்துவிட்டன. பண்டாரவளையிலிருந்து கிளினிக்குக்கு வருகிற மருத்துவச்சி றஷீதா மிஸ்ஸி, பாவம், அரண்டே போனார். வேலைக்குப் புதிது. போன மாதம் மடுல்சீமைப் பக்கம் போனபோது லொறி குலுங்கின குலுக்கலில் அவருடைய தராசு கீழே விழுந்து உடைந்துவிட்டது. அதனால் இந்தத் தடவை நாங்கள் பறித்த கொழுந்தை நிறுக்கிற மடுவத்துத் தராசைத்தான் கேட்டு வாங்கியிருந்தார். அது உத்தரத்தில் கொக்கி போட்டுத் தொங்குகிற வட்டத் தராசு. கொக்கியில் சேலைத் தொட்டில் கட்டி, அதில் பிள்ளையைப் போட்டு நிறுத்தார்கள். மிஸ்ஸி அட்டையில் எழுத வேண்டும் என்பதால் எண்ணைப் பார்த்துச் சொல்ல எங்கள் கணக்கப்பிள்ளை கதிர்காமநாதன் ஐயா நின்றார். இருபத்திரண்டு வருஷம் கொழுந்து நிறுத்த மனுஷன். அவரைவிட்டால் வேறு யார்? தராசின் முகம் எப்போதும் அவர் பக்கம்தான் இருக்கும். நாங்கள் முதுகுப் பக்கம் நின்று அவர் சொல்வதைக் கேட்டுக்கொள்வோம். கொழுந்துக்கும் அப்படித்தான், பிள்ளைக்கும் அப்படித்தான்.

பதினெட்டுப் பிள்ளைகளுக்கும் திரிபோஷ சத்துமாப் பாக்கெட் கொடுக்கச் சொல்லி மிஸ்ஸி எழுதினார். பாக்கெட் வந்து இறங்கியதும் லயமே சந்தோஷப்பட்டது. சீனி போட்டு உருண்டை பிடித்தால் அத்தனை ருசி. பிள்ளை தின்றதோ இல்லையோ, தகப்பன்மார்கள் தின்றார்கள். எங்கள் வீட்டுக்காரரின் அக்கா பூவம்மா தன் சின்னவனின் பாக்கெட்டை ஒரே நாளில் முடித்துவிட்டு, என் பாக்கெட்டையும் வந்து பார்த்தாள்.

பார்த்ததோடு விட்டாளா? அதுதான் இல்லை.

"பரிமளம், ஒம் பாலு வெறும் தண்ணி. அதான் புள்ள எளைக்குது. டின் பால் வாங்கிக் குடு. டின்னுல இருக்க புள்ளையப் பாரு, கன்னம் ரெண்டும் எப்படி இருக்குன்னு."

"ஒங்க புள்ளையுந்தானே மயினி எளைச்சிருக்கு? ஒங்களுது என்ன, பாயாசமா?"

"எம் புள்ள கோட்டுக்கு மேலதான் இருக்கு. ஒன்னுதுதான் கீழ."

காலையில் வேலைக்குப் பேர் போடுகிற பெரட்டில் நிற்கும்போதே பால் கட்டிக்கொண்டு ரவிக்கை நனைகிறது. கொழுந்து பறிக்கிற மலையில் குளவி கொட்டினாலும் பொறுத்துக்கொள்வேன், பத்து மணிக்குப் பிள்ளைக்காம்பராவுக்கு ஓடாமல் இருக்க முடியாது. அவள் என்னைக் கண்டதும் காலை உதைத்துக்கொண்டு சிரிப்பாள். அந்தப் பாலைப் போய்த் தண்ணி என்று சொன்னால்? வீட்டுக்காரரோ அக்கா சொல்லுக்கு மறு சொல் பேசாத மனுஷன். "ஞாயித்துக்கெழம பதுளைக்குப் போயி டின்ன வாங்கியாந்துரு. ஒன்னோடத நிறுத்திரு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். என் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

ஞாயிற்றுக்கிழமை தெய்வானையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். பதுளையில் ஜௌபர் நானாவின் கடைதான் எங்கள் தோட்டத்து ஆட்களுக்கு வழக்கமான கடை. டின்னைக் கேட்டதும் அவர் எடுத்து மேசையில் வைத்துவிட்டார். உள்ளேயிருந்து அவர் மனைவி ஸகீனா வெளியே வந்தாள். முதலில் பிள்ளையைப் பார்த்தாள், பிறகு என் ரவிக்கையைப் பார்த்தாள்.

"யா அல்லாஹ்! ஒங்களுக்கு ஊத்தா ஊத்துது. இதுக்கு எதுக்கு டின்னு?"

கடைக்காரன் பெண்டாட்டியே இப்படிக் கேட்டால் என்ன செய்வது? எனக்கு அழுகை வந்துவிட்டது. அட்டையைக் காட்டினேன். ஸகீனா தெய்வானையை வாங்கி மேலே தூக்கிப் பார்த்தாள், கீழே இறக்கிப் பார்த்தாள்.

"இதா பதின்மூணு? இந்தாங்க, இந்தப் புள்ளைய நம்மட தராசுல வையுங்க."

ஜௌபர் நானா அரிசித் தராசின் தட்டில் ஒரு சாக்கை விரித்துப் பிள்ளையை வைத்தார். எதிர்த்தட்டில் படிக்கற்களை அடுக்கினார். "பதினஞ்சே முக்கால்!"

சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. வாயையும் வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"நானா, கோவிச்சுக்காதீங்க. தோட்டத்துத் தராசு எப்பவும் கொறச்சுத்தான் காட்டும். கடைத் தராசு கூட்டித்தான் காட்டும். நான் எத நம்புறது?"

அவர் முகம் சிவந்துபோனது. "என்ட வாப்பா காலத்துலேருந்து இந்தத் தராசு இரிக்கி! ஒரு ஆள் ஒரு சொல்லு சொன்னதில்ல! வாங்க ஸ்டேசனுக்கு! ரயில்காரனுக்கு வாங்கவும் இல்ல, விக்கவும் இல்ல. அவன்ட தராசு சொல்லட்டும்!"

கடையை ஸகீனாவிடம் விட்டுவிட்டு, பிள்ளையைத் தானே தூக்கிக்கொண்டு, முன்னால் நடந்தார். பாதி வழியில் மூச்சு வாங்கித் தோள் மாற்றினார். "இதுவா எளைச்ச புள்ள?" என்று என்னையே ஏசினார். ஸ்டேஷனில் பார்சல் கிளார்க் முட்டைக்கோவா மூட்டைகளை நிறுத்துக்கொண்டிருந்தார். பிள்ளையை நிறுக்க வேண்டும் என்றதும் அவர் கையை உதறினார்.

"இது பார்சல் தராசு. உசுருள்ளது ஏத்தணும்னா கோழிக்கும் ஆட்டுக்கும் தனி ஃபாரம் நிரப்பணும்."

"அனுப்ப வரல்ல மகன்! நிறுக்கத்தான் வந்த!" என்று ஜௌபர் நானா கத்தினார். பிளாட்பாரத்தில் நின்றவர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். கிளார்க் கடைசியில் கோவா மூட்டையைத் தள்ளிவிட்டுப் பிள்ளையை உட்கார வைத்தார். தெய்வானை இரும்புத் தட்டைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

சரியாகப் பதினைந்து றாத்தல்.

எனக்குக் கால் தரையில் இல்லை. ஜௌபர் நானா மட்டும் குனிந்து எண்ணை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு நனைந்திருந்த தன் சட்டையைக் காட்டினார். "வழியில மூத்திரம் பெய்ஞ்சிட்டா. அந்த முக்கால் அதுதான்" என்றார். நல்ல மனுஷன், டின்னைத் திருப்பி எடுத்துக்கொண்டதோடு பிள்ளைக்கு ஒரு பிஸ்கட்டும் கொடுத்தார்.

லயத்துக்கு வந்து சொன்னால் பூவம்மா சிரித்தாள். "கோவா நிறுக்கிற தராசு புள்ளையப் பத்தி என்னத்தக் கண்டுச்சு?" வீட்டுக்காரர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஒரு தீர்ப்புச் சொன்னார். "அடுத்த கிளினிக் வரைக்கும் பாப்போம். அதுலயும் கொறஞ்சிருந்தா டின்தான். அப்பறம் பேச்சில்ல."

அந்த மார்கழி மாதம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அடித்து ஊற்றுகிற மழையில் மலைக்கும் பிள்ளைக்காம்பராவுக்கும் ஓடினேன். பூவம்மா வழியில் கண்டால், "இன்னும் எத்தன நாளு?" என்று கேட்பாள். நல்லதுக்குச் சொல்கிறவள் மாதிரியே கேட்பாள்.

கிளினிக் நாளில் மிஸ்ஸியிடம் அப்போதும் தராசு இல்லை. அதே வட்டத் தராசு, அதே கணக்கப்பிள்ளை. முதலில் அவருடைய சொந்த மகனைத் தொட்டிலில் போட்டார்கள். போன மாதம் அவனும் இளைத்திருந்தான். அந்தப் பயத்தில் அவர் சம்சாரம் டின் பாலில் ஒரு கரண்டிக்கு இரண்டு கரண்டி போட்டுக் கரைத்துக் கொடுத்திருக்கிறாள். பிள்ளையின் கழுத்தைக் காணோம். கொக்கி கிரீச் என்றது. "இருவத்தி மூணு" என்றார் ஐயா, கவலையோடு.

அடுத்து தெய்வானை. நான் அவளைத் தொட்டிலில் போட்டுவிட்டு வழக்கமான இடத்தில் நிற்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு தராசின் முகத்துப் பக்கம் போய் நின்றேன். பத்து வருஷம் அந்த மடுவத்தில் கொழுந்து போட்டிருக்கிறேன், அன்றைக்குத்தான் அந்த முகத்தைப் பார்த்தேன். மூன்றாம் வகுப்பு வரை படித்தவள் நான், எண் தெரியும். முள் பதினைந்தரையில் நின்றது. அந்த நேரம் பார்த்து மகராசி தொட்டிலை நனைத்துவிட்டாள்.

"பன்னெண்டரை" என்றார் ஐயா.

பின்னால் பூவம்மா, "நான் சொன்னேன்ல" என்றாள். மிஸ்ஸி பேனாவை அட்டையில் வைத்தார்.

"எழுதாதீங்க மிஸ்ஸி!" என் சத்தத்தில் பிள்ளைகள் நாலைந்து ஒரேயடியாக அழுதன. "ஐயா, முள்ளு பதினஞ்சரைல நிக்குது."

"ஆமா" என்றார் அவர், அமைதியாக. "பதினஞ்சரை. கூடைக்கி ரெண்டு, ஈரத்துக்கு ஒண்ணு. பன்னெண்டரை."

"எந்தக் கூடைங்க?"

அவர் தொட்டிலைப் பார்த்தார். சொட்டுகிற சேலையைப் பார்த்தார். வாய் திறந்தபடி நின்றது. இருபத்திரண்டு வருஷமாக முள்ளைப் பார்த்ததும் இரண்டைக் கழித்தே சொல்லிப் பழகிய வாய். மழை நாளில் கொழுந்து ஈரமாக இருந்தால் இன்னொன்று. அவருக்கே தெரியாமல் கழித்திருக்கிறார். எங்களுக்கும் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போய், ஒருத்திக்கும் உறைக்கவில்லை.

"ஐயையோ" என்றார் மெல்ல. "நம்ம பயலுக்குமா கழிச்சேன்?"

"அவனுக்குந்தாங்க! அவன் இருவத்தஞ்சு றாத்தல்!"

கூட்டத்தின் கடைசியில் இருந்த அவர் சம்சாரம் எழுந்து வந்தாள். அவள் அவரைக் கேட்ட கேள்விகளை நான் எழுத மாட்டேன். ஆத்திரம் எனக்கும் இருந்தது. "எம் பால ஒரு மாசமா தண்ணின்னு சொல்ல வச்சுட்டீங்களே ஐயா" என்று கேட்டேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர் தலை நிமிரவில்லை.

மிஸ்ஸி எல்லாப் பிள்ளைகளையும் மறுபடி நிறுத்தார். இந்தத் தடவை முள்ளை அவரே பார்த்தார். மூன்று பிள்ளைகள் மட்டும் உண்மையிலேயே கோட்டுக்குக் கீழே இருந்தன. அவர்களுக்கு மாப் பாக்கெட் தொடர்ந்தது. கணக்கப்பிள்ளையின் மகனுக்கு டின் பாலைக் குறைக்கச் சொன்னார். மற்றப் பதினாலு பிள்ளைகளுக்கும் பாக்கெட் நின்றது.

அவ்வளவுதான், லயம் முழுக்க என்மேல் பாய்ந்தது. "வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்தியா? மாவு போச்சே!" அதிலும் பூவம்மாவுக்குத்தான் ஆத்திரம் அதிகம். என் பாலைப் பற்றி ஒரு சொல் இல்லை. மா உருண்டையைப் பற்றித்தான் ராத்திரி முழுக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் புலம்பினாள். அந்த ஆத்திரத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் அவள் கண்டுபிடித்த ஆள், நல்லவேளை, நான் இல்லை.

மறுநாள் சாயங்காலம் கொழுந்து மடுவத்தில் முதல் ஆளாகப் பூவம்மா நின்றாள். கொழுந்தைத் தரையில் விரித்த படங்கில் கொட்டிவிட்டு, வெறும் கூடையைக் கொண்டுபோய்க் கொக்கியில் மாட்டினாள். நேரே முகத்துப் பக்கம் போய் நின்றாள்.

"பரிமளம், ஒனக்குத்தான் எண்ணு தெரியுமே. இது எவ்வளவு?"

நான் போய்ப் பார்த்தேன். நாற்பது பெண்களும் என் பின்னால் வந்து நின்றார்கள்.

"ஒண்ணே கால், மயினி."

இத்தனை வருஷமும் கூடைக்குக் கழித்தது இரண்டு. கதிர்காமநாதன் ஐயா பென்சிலை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். "சரி, இனி ஒண்ணே கால்" என்றார். பிறகு கூரையைப் பார்த்து, "ஈரம்..." என்று ஆரம்பித்தார்.

"இன்னைக்கு வெயிலுங்க!" என்றோம் நாற்பது பேரும்.

அன்றைக்கு என் கூடையை நிறுத்து முடித்ததும் பிள்ளைக்காம்பராவுக்கு ஓடினேன். தெய்வானை காலை உதைத்துச் சிரித்தாள். வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்று, இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்து, "குடிக்கிறாளா?" என்று கேட்டார். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள்.