பச்சைத் துணி கட்டிய வாய்க்கால்

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். காசிமுக்குக் கண் மட்டுமா, நகம்கூட மஞ்சளாகிப் பாயோடு பாயாகக் கிடந்தான். பாலக்கோடு சந்தையில் நாளெல்லாம் நின்று வளையல் விற்ற மனுஷன், எழுந்து நடந்தே பல நாளாயிற்று. அவன் மனைவி ஹமீதுன்னிசா தர்மபுரி டவுனில் பிறந்தவள். கீரையைக் கூடைக்காரியிடம்தான் பார்த்திருக்கிறாள். பக்கத்து வீட்டு நஞ்சம்மாள்தான் காமாலைக்கான கீரைக்கு அடையாளம் சொன்னாள்.

"கரிசலாங்கண்ணி ஈரத்துலதான் வரும். வெள்ளப் பூவு, சட்டைப் பொத்தானாட்டம் இருக்கும். தண்டைக் கிள்ளி வெச்சுப் பாரு, கருத்துப் போவும். கருக்கலைன்னா வுட்டுட்டு வந்துரு."

அந்த வருஷம் மழை பொய்த்து ஏரி வெடித்துக் கிடந்தது. அலையாய் அலைந்து, கடைசியில் ராஜப்பனின் தக்காளித் தோட்டத்து வாய்க்காலில் கண்டுபிடித்தாள். ஒரு ஆடும் வாய் வைக்காமல் கொழுகொழுவென்று வளர்ந்திருந்தது. ஓரத்தில் நட்ட குச்சியில் பச்சைத் துணி பறந்தது. தர்காக் கொடி! யாரோ மகான், அவுலியா அடங்கிய இடம் என்று அவள் நெஞ்சு நெகிழ்ந்தது. வேண்டிக்கொண்டு அலைபவள் கண்ணுக்குக் கட்டின துணியெல்லாம் கொடிதானே. முக்காட்டை இழுத்துவிட்டு, பிஸ்மி சொல்லிப் பறித்தாள். தண்டும் சொன்னபடியே கருத்தது.

மறுநாள் காலையில் அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தாள். காசிம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"சின்னப் புள்ளையா நீங்க? இங்க பாருங்க," என்று தானே ஒரு வாய் குடித்துக் காட்டி, தம்ளரை அவன் கையில் திணித்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

தண்ணீர்க் குடத்தோடு போன நஞ்சம்மாள் நின்றாள். "கெடைச்சுதா?"

"கெடைச்சுதுக்கா. ராஜப்பன் தோட்டத்து வாய்க்கால்ல, பச்சைக்கொடி கட்டியிருக்குதே, அங்க."

குடம் இடுப்பிலிருந்து நழுவி விழுந்தது. "அடிப்பாவி, அது கொடியில்லடி! அவன் பொண்டாட்டி சீலைத் துணி. எண்ட்ரின் பூச்சிமருந்து அடிச்சுட்டு டப்பாவ அங்கதான் கழுவறான். ஆடு மாடு வாய் வெச்சுரக் கூடாதுன்னு கட்டி வெச்சிருக்கான்!"

எண்ட்ரின். அந்தப் பேரைக் கேட்டாலே ஊரில் சாவு மேளம் காதில் விழும். என் கையாலேயே கொடுத்தேனே, யா அல்லா, என் கையாலேயே கொடுத்தேனே! ஹமீதா உள்ளே ஓடினாள். காசிம் கண்ணை மூடிக்கொண்டு தம்ளரை உதட்டருகே வைத்திருந்தான். ஓங்கித் தட்டிவிட்டாள். சுவரெல்லாம் பச்சையாய் வழிந்தது.

"குடிச்சீங்களா? சொல்லுங்க, குடிச்சீங்களா?" என்று தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"இல்ல. கசக்குமேன்னு வெச்சுக்கிட்டே இருந்தேன்."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மூச்சு வாங்கியபடி விஷயத்தைச் சொன்னாள். கசப்புக்குப் பயந்த இந்த மனுஷனை ஆண்டவன் நல்லா வைக்கட்டும்!

காசிம் சிரிக்கவில்லை. அவள் வாயையே பார்த்தான். உதட்டோரத்தில் பச்சை ஒட்டியிருந்தது.

"ஹமீதா, நீ குடிச்சியே."

அவள் அதை மறந்தே போயிருந்தாள்.

பாயைவிட்டு எழாத மனுஷன் எழுந்தான். சட்டைகூடப் போடாமல் அவள் கையைப் பிடித்து பஸ் ஸ்டாண்டுக்கு இழுத்துக்கொண்டு ஓடினான். அடிக்கொரு தரம் திரும்பி, "கண்ணு தெரியுதா? என்னைத் தெரியுதா?" என்று கேட்டான்.

"தெரியுதுங்க, தெரியுதுங்க," என்றாள். நாக்கு மரத்துக்கொண்டு வருவதை மட்டும் அவள் சொல்லவில்லை.