கூரைக்கு ஏறிய நாற்காலி

ஒஹாயோவில் எங்கள் ஊர் பேஸ்பால் மைதானத்தில் பத்திரிகைக்காரர்களுக்கென்று முன்பு ஒரு பெஞ்சு இருந்தது. பந்து பிடிப்பவனுக்கு நேர் பின்னால், கம்பி வலையை ஒட்டி. அந்த வருஷம் கிளப்பை வாங்கிய புது முதலாளி அதில் தன் சிநேகிதர்களை உட்கார வைத்தார். எழுதுகிறவர்களைப் பார்வையாளர் கேலரியின் மரக் கூரைக்கு அனுப்பினார். மேலே ஒரு மேஜை, நாலு நாற்காலி. ஏறுவதற்குச் செங்குத்தான ஏணி. தந்திக் கம்பியைக் கூரைவரை இழுக்கச் செலவாகும் என்று கேலரிக்குப் பின்புறமே நிறுத்திவிட்டார். ஆகவே தந்தி அடிக்கிற நான் கீழே, ஆட்டம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். மேலே எழுதிய தாள்கள் பன்றிக்கொழுப்பு வாளி ஒன்றில் கயிறு கட்டி இறங்கி வரும்.

தாடியஸ் ஹாலட்டுக்கு அந்த ஏணிதான் வினையாயிற்று. போரில் குண்டு பட்ட அவருடைய இடது முழங்கால் மடங்காது. அவர் பத்திரிகையில் இரண்டு ஆட்டங்களின் செய்தி வரவில்லை. சனிக்கிழமை ஆட்டமும் வராவிட்டால் திங்கள் முதல் வேறு ஆள் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை டிக்கெட் எல்லாம் விற்றுவிட்டது. மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றோரம் நிற்கத்தான் இடம். நிற்கவும் அந்தக் காலால் முடியாது. ஹாலட் மூன்று படி ஏறினார். வியர்த்துப்போய் இறங்கினார். என் பக்கத்திலிருந்த வேர்க்கடலைப் பெட்டியில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

மேலிருந்து ஓரின் பீச் எட்டிப் பார்த்தார். போட்டிப் பத்திரிகைக்காரர். ஓர் ஆட்டக்காரன் பந்தைத் தவறவிட்டால் அதை அவன் பெயரில் பிழை என்று எழுதுவதா, அடித்தவனுடைய நல்ல அடி என்று எழுதுவதா என்று இருவரும் பல வருஷமாக அச்சிலேயே சண்டை போட்டு வந்தார்கள். பீச் கண்டிப்பானவர். ஹாலட் இளகியவர்.

“என்ன ஹாலட், அங்கயே வேர் விட்டுட்டீரா?”

“நீர் மேல கூடு கட்டும், பீச். முட்டை போட்டா சொல்லியனுப்பும்,” என்றார் ஹாலட். குரலில் தெம்பில்லை.

பீச்சின் தலை மறைந்தது. ஆட்டம் தொடங்கியது. முதல் இன்னிங்ஸ் முடிந்ததும் வாளி இறங்கியது. பீச்சின் செய்திக்கு அடியில் இன்னொரு தாள். யார் அடித்தது, பந்து எங்கே போனது, யார் எடுத்தது எல்லாம் அதில் இருந்தன. தீர்ப்பு மட்டும் இல்லை. அடியில் பீச் எழுதியிருந்தார்:

“பார்த்ததை எழுதியிருக்கேன். பிழையா இல்லையான்னு நீரே போட்டுக்கும். இல்லேன்னா என் தீர்ப்பை உம்ம தலையில கட்டிட்டேன்னு அதையும் அச்சுல போடுவீர்.”

ஹாலட் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார். பிறகு பென்சிலை எடுத்தார்.

எட்டாவது இன்னிங்ஸில் வாளியோடு பீச்சின் குரலும் வந்தது. நம் அணிப் பையன் எம்லின் ப்ரைஸ் தரையோடு வந்த சுலபமான பந்தைத் தோளுக்கு மேலே போகவிட்டானாம். தன் தாளில் பிழை என்று போட்டாயிற்றாம்.

“விட்டப்புறம் பையன் என்ன பண்ணான்?” என்று ஹாலட் கேட்டார்.

“குனிஞ்சு என்னத்தையோ பொறுக்கி எறிஞ்சான்.”

“கல்லு, பீச். பந்து கல்லுல பட்டு எழும்பியிருக்கு. அவ்வளவு உசரத்துலேர்ந்து பார்த்தா மைதானம் மேஜை விரிப்பு மாதிரித்தான் தெரியும்.”

பிறகு தன் தாளைத் திருப்பி அனுப்பச் சொன்னார் பீச். வாளி ஏறி, மறுபடி இறங்கியபோது பிழை என்ற சொல் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது.

ஆட்டம் முடிந்ததும் இருவரின் கடைசித் தாள்களும் ஒரே சமயத்தில் என் மேஜைக்கு வந்தன. அடுக்கில் மேலே இருக்கிற தாள் தந்தியில் முதலில் போகும் என்பது வழக்கம். ஹாலட் தன்னுடையதை எடுத்து பீச்சுடையதற்கு அடியில் செருகினார். இரண்டும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

திங்கட்கிழமை வேறு ஆள் வரவில்லை. ஹாலட்தான் வந்தார், வேர்க்கடலைப் பெட்டியைத் தேடிக்கொண்டு. பெட்டி இல்லை. அந்த இடத்தில் கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று கயிற்றில் தொங்கியது. கூரை விளிம்பில், வைக்கோல் கட்டு ஏற்றுகிற கப்பி ஒன்றை யாரோ மாட்டியிருந்தார்கள். மேலே பீச்சும் இன்னும் இருவரும் கோட்டைக் கழற்றிவிட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

நடக்க முடியாத ஒரு நோயாளியை நாலு பேர் கூரை வழியாகக் கர்த்தர் முன்னால் இறக்கிய கதையை ஞாயிறு ஆராதனையில் கேட்டிருக்கிறேன். ஏற்றியதை அன்றுதான் பார்த்தேன். கர்த்தருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

பாதி உயரத்தில் நாற்காலி சுழன்றது. ஹாலட் தொப்பியை அழுத்திப் பிடித்துக் கண்களை மூடிக்கொண்டார்.

“கயித்தை விட்டீர்னா, பீச், அது உம்ம பேர்ல பிழை.”

“கல்லு பட்டுச்சுன்னு எழுதிப்பேன்,” என்றார் பீச், மூச்சு வாங்க இழுத்தபடி.