இரண்டு கேமராவும் ஒரு கோடும்

உதயகுமார் நிக்கான் கேமராவைக் கண்ணில் வைத்தார். கவுண்டர் கண்ணாடியின் மேல் விரித்திருந்த அரக்குச் சேலை இழை இழையாகத் தெரிந்தது. கரையில் ஓடிய ஜரிகையும், அதில் ஒட்டியிருந்த ஒரு தூசியும்கூடத் தெரிந்தன. அதை இறக்கிவிட்டுக் கேனானை எடுத்தார். அதே சேலை, அதே மத்தியான வெளிச்சம். ஆனால் பால் கொதிக்கிற பாத்திரத்துக்கு மேலாகப் பார்ப்பதுபோல எல்லாம் ஆவி படர்ந்து தெரிந்தது. மறுபடி நிக்கான், மறுபடி கேனான். ஏழெட்டு முறை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, பெண் பார்த்த வீட்டில் ‘ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம்’ என்று எழுந்துகொள்கிறவரின் முகத்தோடு கேனானைத் தள்ளி வைத்தார்.

“இது ஓஞ்சி போச்சிமா,” என்றார்.

“ரெண்டுமே பதினஞ்சு வருசத்துக்கு மேல ஆன கேமராதான் சார்,” என்றாள் ஜெயப்ரியா. “ஓஞ்சதுன்னா ரெண்டும் ஓஞ்சதுதான்.”

கங்கைகொண்டான் மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த ஸ்டுடியோ அவளுடையது. முன்பக்கம் பாஸ்போர்ட் போட்டோவும் ஜெராக்ஸும், உள்ளே ஒரு கண்ணாடி அலமாரியில் விற்பனைக்குப் பழைய கேமராக்களும். கேனான் 50டி அவளே கல்யாணங்களுக்குத் தோளில் மாட்டிக்கொண்டு அலைந்தது. நிக்கான் டி90 சின்ன காஞ்சிபுரத்தில் இருக்கும் சம்பத்குமார் என்கிற ரிட்டயர்டு கணக்கு வாத்தியாருடையது. பெருமாள் புறப்பாட்டைத் தவிர வேறெதையும் அவர் எடுத்ததில்லை. முழங்கால் வலி வந்து கூட்டத்தில் நிற்க முடியாமல் போனதும், ஒரு நாள் ஆட்டோவில் வந்து அதைக் கொடுத்துவிட்டுப் போனார். ஜெயப்ரியா எந்த கேமராவையும் தூக்கிப் பேசுகிறவள் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள், மீதி நேரம் யாருடைய முகத்துக்காவது பின்னால் வெள்ளைப் பின்னணி போட்டுக்கொண்டிருப்பாள்.

மூன்று சனிக்கிழமைகளாக உதயகுமார் வந்துகொண்டிருக்கிறார். கையில் ஒரு நோட்டு, நடுவில் கோடு போட்டு இரண்டு பத்தி. நிக்கான் பன்னிரண்டு மெகாபிக்சல், கேனான் பதினைந்து. நிக்கானில் வீடியோ உண்டு, கேனானில் கிடையாது. கேனான் நொடிக்கு ஆறு படம் எடுக்கும், நிக்கான் நாலரை. நொடிக்கு ஆறு படம் எடுக்க மேசை மேல் விரித்த சேலை எங்கும் ஓடிவிடப் போவதில்லை. இருந்தாலும் அதையும் எழுதி வைத்திருந்தார். நிக்கானுக்குச் சின்ன கார்டு, எந்தக் கடையிலும் கிடைக்கும். கேனானுக்குப் பெரிய கார்டு, தேடி வாங்க வேண்டும். வீட்டில் போனில் எத்தனையோ வீடியோக்கள் பார்த்துச் சேர்த்த விவரம். ஆனால் இன்று கண்ணில் வைத்துப் பார்த்தபோது தெரிந்தது எந்த வீடியோவிலும் சொல்லப்படவில்லை. நிக்கான் பத்தியின் கீழே ‘தெளிவு’ என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டார்.

அவருக்கு வேலை பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில். நெசவாளர்கள் தறியிலிருந்து அறுத்துக் கொண்டுவரும் சேலையை மேசையில் இழுத்து இழுத்துப் பார்த்து, பழுது இருந்தால் சொல்லி, இல்லையென்றால் முந்தியின் ஓரத்தில் முத்திரை குத்துவது. இருபத்திரண்டு வருடம். முத்திரை விழுந்துவிட்டால் பிறகு நெய்தவனை யாரும் கேட்க முடியாது. ‘உதயகுமார் கண்ணுக்குத் தப்பினது எமன் கண்ணுக்கும் தப்பும்’ என்று நெசவாளர்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. அவர் காதுபடவும் சொல்வார்கள். அதில் பாதி வயிற்றெரிச்சல் என்று அவருக்குத் தெரியும். மீதிப் பாதியை வைத்துத்தான் அவர் இத்தனை வருடமும் நிமிர்ந்து நடந்தார்.

இந்த அரக்குச் சேலை சிவராஜ் நெய்தது, அவர் முத்திரை குத்தியது. விற்று இரண்டு வாரத்தில் திரும்பி வந்துவிட்டது. உடலில் குறுக்காக மெல்லிய கோடு ஒன்று, நூல் இழுபட்டதுபோல. மேனேஜர் பூவராகவன் அதை மேசையில் விரித்துப் போட்டு, “என்ன சார் இது?” என்று கேட்டபோது, உதயகுமார் சேலையைக் கை எட்டும் தூரத்தில் பிடித்து, ஜன்னல் பக்கம் திருப்பி, “நான் பாக்கச்ச இது இல்ல சார்,” என்றார். அப்புறம் எப்படி வந்தது என்று பூவராகவன் கேட்டார். ‘தெரியவில்லை’ என்பது உதயகுமார் வாயில் வந்து பழக்கமில்லாத சொல். “மடிக்கற எடத்துல வளையல் பட்டிருக்கும்,” என்றார்.

மடிக்கிற இடத்தில் இருப்பது அங்கம்மாள். தினக்கூலி. மகளின் வளைகாப்பில் போட்டுக்கொண்ட பச்சைக் கண்ணாடி வளையல்கள் இரண்டு கையிலும் இருந்தன. அவள் சேலையை உதறி மடிக்கும்போது அந்தச் சத்தம் பார்வை மேசை வரைக்கும் கேட்கும். “என் வளையல் படல சார்,” என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். இன்னொரு புகார் வந்தால் வேலை இல்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். புருஷன் உயிரோடு இருக்கும்போது வளையலைக் கழற்றவும் மனசு வராது, வேலையை விடவும் முடியாது. மறுநாள் பழைய வேட்டியைக் கிழித்து வளையல்களின் மேல் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்தாள், இரண்டு மணிக்கட்டிலும் காயத்துக்குக் கட்டுப் போட்டவள் மாதிரி. சிவராஜ் வாயைத் திறக்கவில்லை. திறக்க வேண்டும் என்று அவனுக்கென்ன தலையெழுத்து.

உதயகுமாருக்கு அந்தத் துணிக்கட்டு உறுத்தியது. ஆனால் அது அவள் மேல் கோபமாகத்தான் அவருக்குள் வந்தது. ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டு திரிகிறாளே என்று. இனிமேல் ஒவ்வொரு சேலையையும் முத்திரை குத்துவதற்கு முன் படம் எடுத்து வைத்துவிடுவது என்று முடிவு செய்தார். போனில் எடுத்தால் பட்டு மெழுகு பூசியதுபோல வழவழவென்று வருகிறது, இழை தெரிவதில்லை. சொந்தக் காசில் நல்ல கேமரா ஒன்று, பழசானாலும் பரவாயில்லை. பிறகு எவன் கேட்கிறான் பார்ப்போம். மேனேஜரும் சரி என்றார். சோதனைக்கு அந்தச் சேலையையே எடுத்துப்போக அனுமதியும் கொடுத்தார்.

மனைவி காவேரிக்கு மட்டும் இது பிடிபடவில்லை. கரண்ட் பில்லை நீட்டிய கையோடு பிடித்துப் படித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்து, “கை நீளம் பத்தலன்னா சொல்லுங்க, நான் அங்க போய் நின்னு புடிச்சிக்கினு இருக்கறேன்,” என்றாள். “கேமராவுக்குப் போடற காசுல ஒரு கண்ணாடி போட்டுக்கலாமில்ல?” சேலை பார்க்கிற உதயகுமார் கண்ணாடி போட்டுக்கொண்டு மேசைக்கு வந்தால் நெசவாளர்கள் என்ன பேசுவார்கள் என்று அவளுக்குத் தெரியாது. அந்தப் பேச்சை அவர் ஆறு மாதமாகத் தன் காதுக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்ப நிக்கான பேக் பண்ணட்டா சார்?” என்று ஜெயப்ரியா கேட்டாள்.

“பண்ணுமா. உன் கேமராவ குத்தம் சொல்றேன்னு நெனச்சிக்காத. கண்ணுல வச்சா ஒன்னும் தெரியல, பொக மாதிரி இருக்குது.”

அவள் கேனானை எடுத்துத் தன் கண்ணில் வைத்தாள். சேலையைப் பார்த்தாள், தெருவில் போன ஓரிக்கை பஸ்ஸின் போர்டைப் பார்த்தாள். பிறகு நிக்கானை எடுத்து வைத்து, உடனே இறக்கினாள். அவள் முகத்தில் ஏதோ வந்து நின்றது. “ரெண்டுலயும் ஒரு ஷாட் எடுத்து சிஸ்டம்ல போட்டுப் பாத்துடலாம் சார்,” என்றாள். அவரையே எடுக்கச் சொன்னாள். கோடு இருந்த இடத்தை அவர் இரண்டிலும் எடுத்தார்.

திரையில் இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. நிக்கானில் அரக்கு கொஞ்சம் மஞ்சளோடியிருந்தது, கேனானில் கொஞ்சம் சிவப்போடியிருந்தது. மற்றபடி இழைக்கு இழை ஒன்றுதான். புகையும் இல்லை, ஆவியும் இல்லை.

“படம் நல்லாதான வந்திருக்குது,” என்றார் உதயகுமார், தனக்கே சொல்வதுபோல. “அப்ப ஏன் உள்ள தெரியல?”

ஜெயப்ரியா நிக்கானைத் திருப்பிக் காட்டினாள். கண் வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில், நகத்தளவு ஒரு சக்கரம். “இது நம்ம கண்ணு பவருக்கு அட்ஜஸ்ட் பண்றது சார். சம்பத்குமார் சார் கண்ணாடிய கழட்டி வச்சிட்டுதான் படம் எடுப்பாரு. அவரு பவருக்கு இத கடைசி வரைக்கும் திருப்பி வச்சிருக்காரு. எனக்கு இதுல ஒன்னுமே தெரியல.” கேனானின் சக்கரத்தையும் அதே பக்கம் கடைசி வரை திருப்பி அவரிடம் நீட்டினாள். “இப்ப பாருங்க.”

அவர் பார்த்தார். கேனானிலும் இழை இழையாகத் தெரிந்தது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். ஆனால் அதை அந்த நேரத்தில் அவரிடம் யாரும் சொல்லவில்லை. கேமராவை அவர் கண்ணிலிருந்து எடுக்கவேயில்லை. எடுத்தால் அவளுடைய முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். ரிட்டயர்டு வாத்தியாரின் கண்ணும் தன் கண்ணும் ஒன்று என்பது அவருக்கு முதலில் அவமானமாக இருந்தது. பிறகு பயமாக மாறியது. ஆறு மாதத்தில் எத்தனை சேலை. வாரத்துக்கு இருபது என்றால்கூட.

ஜெயப்ரியா அதற்குள் திரையில் படத்தைப் பெரிதாக்கிவிட்டிருந்தாள். வேலைப் பழக்கம், எதையும் பெரிதாக்கிப் பார்த்தால்தான் அவளுக்குத் திருப்தி. கோட்டின் மேல் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போனாள்.

“இது இன்னா சார், குறுக்கால போற ஊடை விட்டுப் போயிருக்குதே,” என்றாள்.

“இல்லமா. அது இழுபட்டது. வளையல் பட்டு.”

“எங்க வீட்டுலயும் தறி இருந்துச்சு சார்.” அவள் குரலில் வாதம் இல்லை, வெள்ளைப் பின்னணி போடும்போது பேசுகிற குரல்தான். “இழுபட்டா சுத்தி இருக்கற நூலும் சேந்து சுருங்கும். இங்க பாருங்க, ஒன்னும் சுருங்கல. ஒரு இழை இல்ல, அவ்வளவுதான். அந்தப் பக்கக் கரைகிட்ட ஆரம்பிச்சு இந்தப் பக்கக் கரைகிட்ட வந்து டக்குன்னு நின்னுடுது. கரைக்குள்ள போகல. கோர்வை சேலை, உடலுக்கு ஊடை ஓட்டற நாடா தனி, கரைக்குத் தனி. உடல் நாடா ஒரு தடவ விட்டா இப்டிதான் வரும். வளையலுக்குக் கரை எங்க ஆரம்பிக்குதுன்னு எப்டி சார் தெரியும்?”

இதை அவர் இருபத்திரண்டு வருடமாக மற்றவர்களுக்குச் சொல்லி வந்திருக்கிறார், இதே வார்த்தைகளில் என்றே சொல்லலாம். திரையில் கோடு கரைக்கு முன்னால் சுவர் கண்டதுபோல நின்றிருந்தது. முத்திரை குத்திய அன்று தெரிந்திருக்க வேண்டும். மேனேஜர் அறையில் ஜன்னல் பக்கம் திருப்பியபோதாவது தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை என்பதைக்கூட மன்னித்துக்கொள்ளலாம். தெரியாததற்கு ஒரு பெயரும் ஒரு வளையலும் கண்டுபிடித்துச் சொன்னதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவருக்குப் புரியவில்லை.

“ஒரு பிரிண்ட் போட்டுக் குடும்மா,” என்றார்.

“எந்த கேமரா படம் சார்?”

“எதுவா இருந்தா இன்னா.”

அவள் இரண்டையும் போட்டுக் கொடுத்தாள். அவர் படியிறங்கிய பிறகு இரண்டு கேமராவையும் அலமாரியில் பழைய இடத்திலேயே வைத்து, சக்கரங்களை நடுவுக்குத் திருப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் படங்கள் சட்டைப் பையிலேயே இருந்தன. இவற்றைக் கிழித்துப் போட்டால் யாருக்கும் தெரியாது. கொடுத்தால் மேசை போய்விடும், ஸ்டோரில் மூட்டை எண்ண உட்கார வைப்பார்கள். அதோடு போகாது. போன வருடம் அவர் வாயால் பழுது என்று கேட்ட ஒவ்வொருவனும் வந்து நிற்பான். ‘எமன் கண்ணு’ என்றவர்களே வேறு பேர் வைப்பார்கள். இதையெல்லாம் யோசித்துவிட்டு மாலையில் காவேரியிடம் படத்தை நீட்டினார். அவளும் தறிக்காரன் மகள்தான். பார்த்துவிட்டு, “ஊடை விட்டுப் போயிருக்குது. யாரு பாஸ் பண்ணது?” என்றாள். அவர் படத்தை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

திங்கட்கிழமை காலை, மேனேஜர் அறைக்குப் போகிற வழியில் இல்லாத மடிப்பு அறைக்குள் நுழைந்தார். அங்கம்மாள் பலகையில் ஒரு சேலையை நீவிக்கொண்டிருந்தாள். துணிக்கட்டு அழுக்கேறியிருந்தது. படத்தை அவள் பக்கத்தில் வைத்தார்.

“இன்னா சார் இது?”

“அந்த அரக்குச் சேலை. தறியிலயே ஊடை விட்டிருக்குது. நான் பாக்காம பாஸ் போட்டுட்டேன். உன் வளையல் இல்ல.”

அவள் படத்தைக் கையில் எடுக்காமல் குனிந்து பார்த்தாள். “மேனேஜருக்குத் தெரியுமா?”

“இனிமேதான் போறேன்.”

“அப்ப என்கிட்ட இன்னாத்துக்கு மொதல்ல காட்டிக்கினு இருக்கறீங்க?”

அதற்கு அவரிடம் பதில் இருந்தது. ‘விடுங்க சார், போனது போச்சு’ என்று அவள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், படங்களோடு திரும்பி மேசைக்குப் போய்விடலாம் என்று மனதின் ஒரு மூலை காலையிலிருந்தே கணக்குப் போட்டு வைத்திருந்தது. அவளோ அடுத்த மடிப்புக்கு அளவு பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்தத் துணிய அவுத்துடுமா,” என்றார்.

“நீங்க குடுத்துட்டு வாங்க,” என்றாள் அங்கம்மாள், தலை நிமிராமல். “அப்பால அவுக்கறேன்.”

அவர் படங்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். நடைவழியில் நாலைந்து நெசவாளர்கள் மஞ்சள் பையோடு மேசைக்குக் காத்திருந்தார்கள். சிவராஜும் இருந்தான். உதயகுமார் கையில் இருந்த படங்களைப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். உதயகுமார் மேனேஜர் அறையின் அரைக்கதவில் கை வைத்தார். உள்ளே பூவராகவன் யாருடனோ போனில் பேசிக்கொண்டே, வாங்க என்று விரலை அசைத்தார். பின்னால் மடிப்பு அறையில் சேலையை உதறும் சத்தம் கேட்டது. அதோடு வளையல் சத்தமும் வருமா என்று உதயகுமார் கதவைத் தள்ளாமல் நின்று கேட்டார். பட்டு மட்டும் இன்னொரு முறை காற்றில் அடித்து அடங்கியது.