பயணம் சொன்னவள்

தேங்காப்பட்டணத்தில் ஓர் ஆண்பிள்ளை சவூதிக்குப் போகிறேன் என்றால் ஏன், எதற்கு என்று ஒரு ஈ காக்கை கேட்காது. முப்பது வருஷம் போய்க் கிடந்தாலும் கேட்காது. தஸ்ரின் ஒரே ஒரு வருஷம் ஜெர்மனிக்குப் போகிறேன் என்றாள். அவ்வளவுதான், ஊரில் வாயுள்ளவர்கள் எல்லோரும் வாயைத் திறந்துவிட்டார்கள்.

அவள் சம்பாதிக்கப் போகவில்லை. நாகர்கோவிலில் பி.எஸ்சி. முடித்திருந்தாள். மேற்படிப்புக்கு முன்னால் ஒரு வருஷம் அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் தொண்டு செய்யப் போகிறாள். சாப்பாடு உண்டு, தங்க அறை உண்டு, கைச்செலவுக்கு ஏதோ கொஞ்சம் உண்டு. சம்பளம் என்று ஒன்று கிடையாது. அதுதான் யாருக்கும் தொண்டையில் இறங்கவில்லை. காசு வராத வெளிநாடு என்ன வெளிநாடு என்று கேட்டார் அவளுடைய வாப்பாவின் அண்ணன், பெரியவாப்பா யாக்கூப். எவனோ ஒரு வெள்ளைக்காரக் கிழவனுக்கு மூத்திரத் துணி மாற்றவா கல்யாணமாகாத குமரை விமானம் ஏற்றி விடுவது என்றும் கேட்டார்.

தஸ்ரினின் வாப்பா சவூதியில் தம்மாமிலிருந்து வருகிறார், போகிறார். பெட்டி வருகிறது, பெட்டி போகிறது. அந்தப் பெட்டியைக் கட்டியும் பிரித்துமே அந்த வீட்டுப் பெண்களுக்கு ஆயுசு கழிகிறது. ஒரு தடவையாவது அந்தப் பெட்டி தன்னுடையதாக இருக்க வேண்டும், யாருடைய மகள் என்று யாரும் கேட்காத ஒரு தெருவில் நடந்து பார்க்க வேண்டும். இவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. இதற்காகப் போனிலேயே ஜெர்மன் படித்தாள், பரீட்சை எழுதினாள், விசாவும் வாங்கினாள்.

விசா வந்த அன்று, எங்கே பார்ப்போம் என்று பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கினார் பெரியவாப்பா. பார்த்தவர் அப்படியே கொண்டுபோய்த் தன் வீட்டு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். போன் போட்டுச் சொன்னால், அண்ணனை விட்டுக்கொடுக்காமல், காக்கா செய்தால் காரணம் இருக்கும் என்றார் வாப்பா. உம்மா சைனப் பீவி அழுதாள். அழுகையைத் தவிர வேறு எதற்கும் உம்மா வாய் திறந்து தஸ்ரின் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை திருவனந்தபுரத்திலிருந்து விமானம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் நல்ல சுரிதார் ஒன்றை உடுத்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, தஸ்ரின் பயணம் சொல்லக் கிளம்பினாள்.

கடல் தாண்டிப் போகிறவன் புறப்படும் முன் வீடுவீடாக ஏறிப் பயணம் சொல்ல வேண்டும். எனக்காக இறைவனிடம் துஆ செய்யுங்கள், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்க வேண்டும். ஆண்கள் செய்கிற காரியம் அது. பயணம் சொல்லிவிட்டுப் போகாமல் இருப்பதைப் போல மானக்கேடு அந்த ஊரில் வேறில்லை. மேலத்தெரு உபைத் ஒரு ஏஜெண்டை நம்பி ஊர் முழுக்கப் பயணம் சொன்னான். விசா போலி. பாவம், குளச்சலில் மாமியார் வீட்டில் போய்ப் பதுங்கினான். அடுத்த விசா வரும்வரை அவன் கத்தாரில் இருக்கிறான் என்று அவன் குடும்பம் மொத்தமும் கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தது. போனது அவன் மானம் மட்டும் அல்லவே.

இதெல்லாம் தஸ்ரினுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் தெருவில் இறங்கினாள். பாஸ்போர்ட் பீரோவில் கிடக்கிறது, கிடக்கட்டும்.

பக்கத்து வீட்டு சுமைரா மாமி வாயில் கை வைத்தாள். பெண்பிள்ளை பயணம் சொல்லித் தான் கேட்டதே இல்லை என்றாள்.

"இப்பக் கேட்டுட்டீங்கல்லா மாமி. துஆ செய்யணும்."

மாமி ஒரு நிமிஷம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு குப்பி மீன் ஊறுகாயை எடுத்து வந்து கையில் திணித்தாள். அடுத்த வீட்டில் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்கள். அதற்கடுத்த வீட்டில் சிரித்தார்கள். தஸ்ரின் ஒரு வீட்டையும் விடாமல் ஏறினாள். சிரித்தவர்களிடமும் துஆ கேட்டாள். தெருப் பெண்கள் வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே வந்தார்கள்.

வரிசைப்படி பெரியவாப்பா வீடு வந்தது. விட்டுவிட்டுப் போனால் பயந்தது போல ஆகிவிடும். ஏறினாள்.

"பெரியவாப்பா, பயணம் சொல்ல வந்தேன். துஆ செய்யணும். எனக்க பாஸ்போர்ட்டயும் தரணும்."

யாக்கூப் கெட்ட மனுஷன் ஒன்றும் இல்லை. தம்பி இல்லாத வீட்டுக்கு ரேஷன் கடையிலிருந்து ஆஸ்பத்திரி வரை ஓடியவர் அவர்தான். ஓடி ஓடி அந்த வீடே தன் சொல்லில் நிற்பதாக அவருக்குப் பழகிவிட்டது. இப்போது வாசல் நிறையப் பெண்கள் நிற்பதைப் பார்த்து முகம் கறுத்தது. தம்மாமுக்குப் போன் போட்டார். நாலுபேர் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரிலும் வைத்தார்.

வாப்பாவுக்கு அதற்குள் செய்தி போயிருந்தது. "ஆருட்டக் கேட்டு நீ பயணம் சொன்னே?" என்றார்.

"நீங்க ஆருட்டக் கேட்டீங்க வாப்பா? ஒவ்வொரு தடவையும் போவாண்டாம்னு நான் உங்க காலப் புடிச்சுட்டு அழுதேன். நின்னீங்களா?"

தஸ்ரின் தலை குனியவில்லை. வாப்பா அவளை விட்டுவிட்டு, உம்மா அங்கே இருக்கிறாளா என்று கேட்டார். உம்மா எப்போது வந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"இதுதான் நீ பிள்ள வளத்த லட்சணமா?" என்றார் வாப்பா.

தெரு முழுக்கக் கேட்டது. சைனப் பீவி கண்ணைத் துடைத்தாள். கணவனின் அண்ணன் முன்னால் குரல் உயர்த்தாதவள், அவர் உட்கார்ந்திருந்தால் படியேறாதவள், படியேறிப் போனுக்குப் பக்கத்தில் வந்தாள்.

"நான்தான் வளத்தேன். நீங்க பெட்டி அனுப்பினீங்க," என்றாள். குரல் உயரவே இல்லை. "அவ போவட்டும். இவ்வளவு நாளும் நீங்க போறத நான் பாத்துட்டு நின்னேன். இனி அவ போறத நீங்க பாத்துட்டு நில்லுங்க."

பிறகு யாக்கூப்பின் பக்கம் திரும்பி உள்ளங்கையை நீட்டினாள்.

அவர் வாசலில் நின்ற பெண்களைப் பார்த்தார். ஊறுகாய்க் குப்பி கொடுத்தவள் அங்கே நிற்கிறாள், சிரித்தவளும் நிற்கிறாள். இனியும் தர மாட்டேன் என்று சொன்னால், யாக்கூப் தம்பி மகள் பயணம் சொல்லிவிட்டுப் போகாமல் கிடக்கிறாள் என்ற பேச்சு விடிவதற்குள் குளச்சல் தாண்டிவிடும். எழுந்து உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. பாஸ்போர்ட்டை யார் கையிலும் கொடுக்காமல் நாற்காலியில் போட்டுவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டார். துஆவும் செய்யவில்லை, ஒன்றும் செய்யவில்லை. போன் இன்னும் அணையாமல் கிடந்தது. வாப்பா வைக்கவில்லை.

உம்மா பாஸ்போர்ட்டை எடுத்து மகளிடம் கொடுத்தாள். தஸ்ரின் வீட்டுப் பக்கம் திரும்பினாள். உம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"தெரு இன்னும் முடியல்லல்லாட்டி. நட."

அடுத்த வீட்டுப் படியில் உம்மாதான் முதலில் ஏறினாள். கதவைத் தட்டியதும் அவள்தான். திறந்தவர்கள் எதுவும் கேட்பதற்கு முன்னால் அவளே சொன்னாள்.

"இது எனக்க மகளாக்கும். பயணம் சொல்ல வந்திருக்கா."