இன்றைய தவறு

அந்த விடுதிக் கல்லூரியில் முதலாண்டுக் கணக்கு வகுப்பு பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை. மெஸ் திறப்பது பன்னிரண்டுக்கு. அட்டவணை போட்ட புண்ணியவானுக்குக் கல்நெஞ்சம். பதினொன்றரைக்கு மேல் அறுபது வயிறுகள் போடும் சத்தத்தில் கரும்பலகையே அதிரும், சாக்பீஸ் தானாக உருண்டு கீழே விழும். இயற்பியல்காரர்களின் கட்டடமோ மெஸ்ஸுக்கு ஒட்டினாற்போல் இருந்தது. மணி அடித்த கையோடு அவர்கள் வரிசையை வளைத்துவிடுவார்கள். கணக்குப் பிள்ளைகள் ஓடிப் போய்ச் சேரும்போது பொரித்த கோழியில் எலும்பும் எண்ணெயும்தான் மிச்சமிருக்கும்.

இந்தப் பசியை வைத்தே கணக்கு மேடம் பாடம் நடத்தினார். ஒவ்வொரு வகுப்பிலும் வேண்டுமென்றே ஒரே ஒரு தவறு செய்வார். யாராவது கண்டுபிடித்தால் பத்து நிமிடம் முன்னதாக விடுதலை. இல்லாவிட்டால் மணி அடிக்கும்வரை ஒருவரும் அசையக் கூடாது. அவ்வளவுதான் ஒப்பந்தம். இரண்டே வாரத்தில் பிள்ளைகள் சாக்பீஸைப் பருந்துபோலப் பார்க்கத் தொடங்கினார்கள். முன்வரிசையில் ஒட்டடைக்கம்பு என்று பெயரெடுத்த நெடியவன், பதினொன்றிலிருந்து கண்ணையே சிமிட்டுவதில்லை என்று விடுதி முழுக்கப் பேச்சு. ஒரு நாள் தவறு எதுவும் சிக்காமல், மேடம் பலகையில் எழுதிய தேதி தப்பு என்று வாதாட, அலுவலகத்துச் சுவரிலிருந்த நாட்காட்டியையே கழற்றிக்கொண்டு வந்துவிட்டான்.

இந்த விளையாட்டில் சிக்காத ஒரே ஆள் கடைசி வரிசைப் பெண். தூங்குமூஞ்சி என்றால்தான் அவளை யாருக்கும் தெரியும். திங்கட்கிழமைத் தேர்வில் அவள் ஒரு சமன்பாட்டின் இரண்டு பக்கத்தையும் x-ஆல் வகுத்திருந்தாள். x பூஜ்யமாக இருக்கலாமே, பூஜ்யத்தால் வகுக்கலாமா என்று யோசிக்கவில்லை. அதனால் இரண்டு விடைகளில் ஒன்று காணாமல் போயிற்று. மேடம் சிவப்பு மையில், 'நாற்பது தடவை சொல்லியாயிற்று, காது எங்கே இருந்தது?' என்று எழுதிக் கொடுத்தார். அன்றைக்கு அதில் அவருக்கு ஒரு திருப்திகூட இருந்தது.

புதன்கிழமை துறைத்தலைவர் வகுப்பைப் பார்வையிட வந்தார். மேடத்துக்கு இது மூன்றாவது வருடம், மூன்றும் தற்காலிகம். அன்றைய வகுப்பைப் பார்த்துத் துறைத்தலைவர் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். நிரந்தரமானால் வளாகத்திலேயே இரண்டு அறை வீடு. அதுவரை பெண்கள் விடுதியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து அறை. அதில் காலை நீட்டினால் கதவு திறந்துகொள்ளும். வீட்டுக்காரரும் ஐந்து வயது மகளும் பத்து மணி நேர ரயில் தூரத்தில். மகள் தினமும் போனில் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "அம்மா, வீடு குடுத்துட்டாங்களா?"

அதனால் இன்றைக்கு விளையாட்டு வேண்டாம், தவறு எதுவும் வைக்கப்போவதில்லை என்று மேடம் முடிவு செய்திருந்தார். பிள்ளைகளிடம் சொல்லத்தான் மறந்துபோனார்.

ஒரு வளைகோடு எங்கே மேடேறி எங்கே பள்ளத்தில் இறங்குகிறது என்று கண்டுபிடிக்கிற பாடம். துறைத்தலைவர் பின்னால் உட்கார்ந்து நோட்டில் எழுத எழுத, மேடத்தின் உள்ளங்கை வியர்வையில் சாக்பீஸ் களிமண்ணாகிக்கொண்டிருந்தது. 3x² = 6x என்று எழுதினார். இரு பக்கமும் 3x-ஆல் வகுத்தார். x = 2. அங்கே பள்ளம். அழகாகப் படமும் வரைந்து, கையைத் தட்டித் தூசியை உதறினார்.

கடைசி வரிசையில் ஒரு கை எழுந்தது. தூங்குமூஞ்சியின் கை. அந்தக் கைக்கு மேலே எழத் தெரியும் என்பதே வகுப்புக்குப் புதுச் செய்தி.

"மேடம், மேடு எங்க போச்சு?" என்றாள். "x-ஆல வகுத்துட்டீங்க. பூஜ்யமும் ஒரு விடைதானே. மேடு அங்கதான் இருக்கு."

வகுப்பு எழுந்து நின்று கை தட்டியது. பாதிப்பேர் பையைத் தோளில் மாட்டிவிட்டார்கள். துறைத்தலைவரும் இந்த ஏற்பாட்டைக் கேள்விப்பட்டிருந்தார் போலும், பலே என்பதுபோலத் தலையாட்டினார்.

மேடத்துக்குக் காதுமடல் சூடேறியது. வாயைத் திறக்காமல் சிரித்தாலே போதும், காரியம் முடிந்தது. இரண்டு அறை வீடு. ஜன்னல்கூட இருக்கும்.

"இதுதானே இன்னிக்கு நீங்க வச்ச தப்பு?" என்று தூங்குமூஞ்சி கேட்டாள். அவள் மேசைமேல் திங்கட்கிழமை விடைத்தாள், சிவப்பு மை மேலே தெரியும்படி மடித்துக் கிடந்தது.

மேடம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இல்லம்மா," என்றார். "இது நான் வச்சது இல்ல. நான் நிஜமாவே விழுந்தது. அன்னிக்கு நீ விழுந்த அதே குழிதான். காது எங்க இருந்துச்சுன்னு இப்ப நீ என்னைக் கேக்கலாம்."

அவள் கேட்கவில்லை. விடைத்தாளை மட்டும் மெதுவாகத் திருப்பிப் போட்டாள்.

பையை மாட்டியிருந்தவர்கள் மெதுவாக உட்கார்ந்தார்கள். ஒட்டடைக்கம்புக்குத்தான் பொறுக்கவில்லை.

"அப்ப வச்ச தப்பு எங்க மேடம்?"

இன்றைக்கு வைக்கவில்லை என்றார்.

"தினம் ஒண்ணு இருக்கும்னு நீங்கதானே சொன்னீங்க? அப்ப அந்தப் பேச்சே தப்பு. கண்டுபிடிச்சாச்சு."

மேடம் மறுத்துச் சொல்ல யோசித்து முடிப்பதற்குள் அறை காலி.

துறைத்தலைவர் மட்டும் மிஞ்சினார். மெதுவாக முன்னால் வந்து நோட்டை மேசைமேல் வைத்தார். பலகையில் இருந்த கணக்கை அவரும் கூடவே போட்டிருந்தார். x = 2. அதற்குக் கீழே இரண்டு கோடு வேறு. பூஜ்யத்தைக் காணோம்.

"முப்பத்தொரு வருஷமா பாடம் நடத்தறேன்," என்றார் மனிதர். "நீங்க மட்டும் ஆமா, நான் வச்சதுதான்னு சொல்லியிருந்தா, நான் இந்தப் பக்கத்தக் கிழிச்சு வாயில போட்டுக்கிட்டு, எனக்கு முன்னாடியே தெரியும்னு கிளம்பியிருப்பேன்."

வேலை நிரந்தரப் படிவத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். அந்த வீட்டில் சமையலறைக் குழாய் ஒழுகும் என்றும் எச்சரித்தார்.

மேடம் நடைபாதையிலேயே நின்று போன் போட்டார். எடுத்தது மகள். அவள் கேட்பதற்கு முன்னாலேயே இவர் சொன்னார்: "குடுத்துட்டாங்க. குழாய் ஒழுகுமாம், பரவாயில்லையா?"

மெஸ்ஸில் வரிசையின் தொடக்கத்தில் கணக்குப் பிள்ளைகள் நின்றார்கள். எல்லோருக்கும் முன்னால் தூங்குமூஞ்சி, தட்டில் இரண்டு துண்டு கோழியோடு, சுவரில் சாய்ந்து பாதித் தூக்கத்தில். இயற்பியல்காரர்கள் வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு, இது அநியாயம் என்றார்கள்.